முதல் வருசத்து ஆர்ம்

பழி வாங்குவதற்கென்றே மார்லா ஹ்ருஸ்கா சனிக்கிழமை முழுக்கக் காருக்கு அடியில் மல்லாந்து கிடந்தாள். பின்சக்கரங்களைப் பிடித்திருக்கும் சஸ்பென்ஷன் ஆர்ம் இரண்டும் வசந்தத்தில் வாங்கிப் போட்டவை. அவற்றைக் கழற்றிவிட்டு, துருவேறிய பழசையே திரும்ப மாட்டினாள்.

அவளுடையது இரண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் கார்; அந்த மாடல் வெளிவந்த முதல் வருசத்து வண்டி. வளைவில் பயந்து ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் போதும், பின்பக்கம் மிரண்ட மாடு மாதிரி சுற்றிக்கொண்டு முன்னால் வந்து நிற்கும். மூன்றாம் வருசம் கம்பெனி சத்தமில்லாமல் ஆர்மை மாற்றியது. அதற்கப்புறம் வந்த வண்டியெல்லாம் பரம சாது. மார்லா வசந்தத்தில் வாங்கிப் போட்டதும் அந்த மாற்றிய ஆர்ம்தான்.

லைல் ஓஸ்டர்மனுடையது அதே மாடலில் மூன்றாம் வருசத்து வண்டி. அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் ஒரு பழைய விமான ஓடுதளத்தில் ரப்பர் கூம்புகளை வைத்து, நேரம் பார்த்து ஓட்டும் கிளப்புக்குத் தலைவரும் அவன்தான். போன வருசம் மார்லா கூம்புகளுக்கு நடுவே சுழன்று நின்றபோது மைக்கிலேயே சொன்னான்: "கார்ல ஒரு குத்தமும் இல்ல. ஓட்டுறவதான் சரியில்ல." ஆர்ம் சங்கதி அவனுக்கும் தெரியும். தெரிந்தேதான் சொன்னான். கூட்டம் சிரித்தது. புதியவர்களுக்கு ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பொறுப்பையும் அன்றே அவளிடமிருந்து பிடுங்கினான். வாரமெல்லாம் டிராக்டர் கிரீஸில் ஊறுகிறவளுக்கு ஞாயிற்றுக்கிழமை விடிந்ததே அதற்காகத்தான்.

சீசனின் கடைசி ஞாயிறு, வண்டி மாற்றி ஓட்டும் நாள். பேர் சொல்லிக் கூப்பிட்டால் யாரும் மறுக்கக்கூடாது. மார்லா லைலைக் கூப்பிட்டாள். அவன் வண்டியை ஒரு கூம்பும் அசையாமல் ஓட்டிக் கொண்டுவந்து நிறுத்தினாள்.

"புது ஆர்ம் போட்டதுலேர்ந்து உன் வண்டி பறக்குதாமே?" என்றான் லைல், ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே.

"ஓட்டித்தான் பாரேன் தலைவரே. கார்ல என்ன இருக்கு? எல்லாம் ஓட்டுறவங்களப் பொறுத்தது."

பெரிய வளைவில் விழுகிற கூம்பை நிமிர்த்தும் வேலையைக் காலையிலேயே கேட்டு வாங்கியிருந்தாள்; இப்போது அங்கே போய் நின்றுகொண்டாள். அங்கே மோதுவதற்குச் சுவரோ மரமோ கிடையாது. அதையும் பார்த்துத்தான் வைத்திருந்தாள். லைல் வேகமாக வந்தான். பழக்கதோஷத்தில் காலை எடுத்தான். வண்டி இரண்டு சுற்றுச் சுற்றி, வந்த திசையைப் பார்த்து நின்றது.

"எத்தன கூம்பு விழுந்துச்சு?" வாக்கிடாக்கியில் கேட்டாள் பெர்னிஸ். நேரம் குறிக்கிறவள்.

"எண்ணிக்கிட்டே இருக்கேன், முடியமாட்டேங்குது."

லைல் இறங்கி, வண்டிக்கு அடியில் தலையை விட்டுப் பார்த்தான். எல்லோரும் பீன்ஸ் சில்லிக் குழம்பும் லவங்கப்பட்டை ரொட்டியுமாக உட்கார்ந்திருந்த மேசைக்கு மூச்சிரைக்க வந்தான்.

"ஏமாத்திட்டா! பழைய ஆர்ம மாட்டி வெச்சிருக்கா! அதுல எவன் ஓட்டினாலும் சுத்தத்தான் செய்யும்!"

பின்னாலேயே வந்த மார்லா மேசையிலிருந்த மைக்கை எடுத்து நீட்டினாள். "இதுல சொல்லு தலைவரே. போன வருசம் மாதிரி."

லைல் மைக்கைக் கையால் தள்ளிவிட்டான்.

"அப்ப மார்லா சுத்தினதும் அந்த ஆர்ம்லதானே?" என்றாள் பெர்னிஸ். மேசையே குலுங்கிச் சிரித்தது. அவளே மார்லா பக்கம் திரும்பினாள். "ஆனாலும் நீ செஞ்சது அழுக்கு வேலடி."

"ஆமா. ஒரு வருசம் ஊறப்போட்டுச் செஞ்ச வேல."

கற்றுக்கொடுப்பவர் போடும் ஆரஞ்சு மேல்சட்டை லைலின் நாற்காலியில் தொங்கியது. மார்லா அதை எடுத்து மாட்டிக்கொண்டு, அவனுக்கு எதிரிலேயே உட்கார்ந்து, ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்து மெதுவாகத் தின்றாள்.