நடுவில் குறுகிய கைப்பிடி

மனைவி வெண்மதியின் கருமாதிக்குப் பிறகு செம்பியன் மாமியார் வீட்டுப் பக்கம் போகவே இல்லை. சிதம்பரத்தில் தனியார் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் பாடம் எடுப்பவனுக்குக் கடலூர் ஒன்றும் தூரமில்லை. பஸ் ஏறினால் போய்விடலாம். ஏறவில்லை, அவ்வளவுதான்.

மச்சினன் சிங்காரம்தான் போன் செய்தான்.

"மாமா, அக்கா சொல்லி ஒரு பம்பு வரைஞ்சீங்களே, இருக்கா?"

இருந்தது. படகுக்குள் தேங்கும் தண்ணீரை வாளியால் மொண்டு கொட்டியே சிங்காரத்துக்கு இடுப்பு போய்க்கொண்டிருந்தது. அதற்காக வெண்மதி கேட்ட கைப்பம்பு. ஒரு குழாய், உள்ளே பிஸ்டன், அதிலிருந்து நேராக மேலே வரும் ஒரு தண்டு, தண்டை ஏற்றி இறக்க, ஒரு முனையைக் குழாயின் பக்கத்தில் ஆணியில் மாட்டிய ஒரு நீளக் கைப்பிடி. அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்த வாரம் அந்தக் காகிதம் பீரோவுக்குள் போனது.

"போட்டுக்காரங்க சேந்து செய்யலாங்கறாங்க மாமா. வெறும் படத்தப் பாத்தா ஒருத்தனுக்கும் புரியல. குழாய நெடுக அறுத்துவச்ச மாதிரி, உள்ள என்ன நடக்குதுன்னு ஓட்டிக் காட்டணும். கம்ப்யூட்டர்ல முடியும்ல?"

"முடியும்" என்றான். ரொம்ப நாளைக்கப்புறம் யாரோ அவனிடம் செய்யக்கூடிய ஒன்றைக் கேட்டிருந்தார்கள்.

கல்லூரி லேபில் இரண்டு சாப்ட்வேர் இருந்தன. ஒன்று இன்ஜினியரிங் டிசைனுக்கானது. ஒவ்வொரு பாகத்துக்கும் அளவு கொடுத்து, எது எதோடு எங்கே சேர்கிறது என்று சொன்னால்தான் அசைத்துக் காட்டும். இரண்டு நாள் அதோடு மல்லுக்கட்டினான். கைப்பிடியை இழுத்தால் கொஞ்ச தூரம் வந்து நின்றுவிடும். ஓரத்தில் சிவப்பாக ஏதோ எழுதிக் காட்டும். தனக்குத்தான் பிடிபடவில்லை என்று, எழுதியதைப் படிக்காமலே மூடினான்.

இன்னொன்று ஃப்ளாஷ். கார்ட்டூன் செய்வது. கைப்பிடி மேலே இருக்கும்போது ஒரு படம், கீழே வந்தபின் ஒரு படம். இடையில் வருவதையெல்லாம் அதுவே நிரப்பிக்கொள்ளும். ஒரே மாலையில் பம்பு ஓடியது. தண்ணீருக்கு நீல நிறம்கூடக் கொடுத்தான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், வலை பழுது பார்க்கும் கொட்டகையில், கல்லூரியிலிருந்து கேட்டு வாங்கிவந்த லேப்டாப்பையும் புரொஜெக்டரையும் வைத்தான். வெள்ளையடித்த சுவரில் பம்பு ஆளுயரத்துக்கு எழுந்து ஓடியது.

"டேய் சிங்காரம், இனிமே இடுப்பு வலின்னு சொல்லிப் படுக்க முடியாதுடா" என்றான் படகுக்காரன் குப்பு.

"உன் போட்டுக்கும் ஒண்ணு வரும்ல, அப்ப பாக்கறேன் நீ எத்தன தரம் அடிக்கறன்னு."

மாமியார் தைலம்மாள் முன்வரிசையில் தரையில் உட்கார்ந்திருந்தாள். "எம்பொண்ணு கேட்டத மாப்ள முடிச்சிட்டாரு" என்று பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள். குரலை அவள் தாழ்த்தவில்லை.

அப்போதுதான் செம்பியன் பார்த்தான். சுவரில் கைப்பிடி நடுவே வரும்போது குறுகியது. கீழே போனதும் நீண்டது. மறுபடி குறுகியது. கம்ப்யூட்டர் திரையின் சின்னப் படத்தில் அது கண்ணில் படவில்லை.

கைப்பிடியின் நுனி வில்லாக வளைந்துதான் போகும். தண்டோ நேராகத்தான் போகும். இரண்டையும் நேரடியாகப் பூட்டினால் நடுவில் இறுகி நிற்கும். ஃப்ளாஷ் கைப்பிடியைச் சுருக்கி அதை ஓட்டிவிட்டிருந்தது. முதலாமாண்டுப் பாடம். இந்த ஜூலையில்கூட அவன்தான் நடத்தினான்.

"நாளைக்கே லேத்துப் பட்டறையில குடுத்துடறேன் மாமா" என்றான் சிங்காரம்.

செம்பியன் தலையாட்டினான். தைலம்மாள் போட்ட சோற்றைச் சாப்பிட்டான். வறுத்த மீனில் நடுத்துண்டு அவன் தட்டுக்குத்தான் வந்தது. அதையும் சாப்பிட்டான். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பஸ்ஸில் சிதம்பரம் வரும்வரை அந்த மீன் ருசி நாக்கை விட்டுப் போகவில்லை.

காலையில் லேபுக்குப் போய், அன்றைக்கு மூடிவைத்த இன்ஜினியரிங் டிசைனைத் திறந்தான். இழுத்தான். அதே இடத்தில் நின்றது. சிவப்பு எழுத்தை இந்தத் தடவை படித்தான். இந்த நீளத்துக்கு இந்த அசைவு நடக்காது என்று அன்றைக்கே சொல்லியிருந்தது.

சிங்காரத்துக்குப் போன் போட்டான்.

"லேத்துக்காரர நிறுத்தச் சொல்லு மச்சான். அது ஓடாது."

"குழாய வெட்டிட்டாரு மாமா." லேத்தின் இரைச்சலுக்கு மேல் குரலை உயர்த்தினான். "நேத்து ஓடுச்சே?"

"அது ஓடல. நான் ஓட்டிக் காட்டினேன்."

"தெரிஞ்சேவா?"

"செய்யறப்ப தெரியாது. அங்க சுவத்துல பாத்தப்ப தெரிஞ்சிது."

"அப்புறம் உக்காந்து சாப்ட்டீங்க."

செம்பியன் போனை மறுகாதுக்கு மாற்றினான்.

"நான் போயிச் சொன்னா குப்பு என்னத்தான் பொய்யன்னுவான். நீங்களே வந்து சொல்லுங்க மாமா. எல்லாரையும் இருக்கச் சொல்றேன். அம்மாவையும்."

அன்று சாயங்காலமே அதே கொட்டகை, அதே சுவர். லேப்டாப்பையும் புரொஜெக்டரையும் மறுபடி கெஞ்சி வாங்கி, அந்த டிசைனை ஏற்றிக் கொண்டுவந்திருந்தான். இந்தப் பம்பில் நீலத் தண்ணீர் கிடையாது. சாம்பல் நிறத்தில் குழாய், தண்டு, கைப்பிடி. அவன் இழுக்க, கொஞ்சம் வந்து நின்றது. திரும்பவும் இழுத்தான். நின்றது.

"ஏன் மாப்ள நிக்குது?" என்றாள் தைலம்மாள்.

"நான் வரைஞ்சது தப்பு அத்த. நேத்து உங்களுக்குக் காட்டினதும் தப்பு. நேத்தே எனக்குத் தெரியும்."

குப்பு ஏதோ சொல்ல வாயெடுத்தான். சிங்காரம் பார்த்த பார்வையில் அடங்கிவிட்டான். தைலம்மாள் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து, புடவையில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டு, வீட்டைப் பார்த்து நடந்தாள். சாப்பிட வாங்க என்று அவனைக் கூப்பிடவில்லை.

"தண்டுக்கும் கைப்பிடிக்கும் இடையில ஒரு சின்ன இணைப்புத் துண்டு போட்டா சரியாயிடும்" என்றான் செம்பியன், அங்கே மிச்சமிருந்தவர்களைப் பார்த்து.

"அதுவும் படத்துலயா மாமா?" என்றான் சிங்காரம்.

"இல்ல. லேத்துக்கு நானும் வர்றேன்."

சிங்காரம் வாங்க என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. புரொஜெக்டர் ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தான்.