நாற்பத்தேழாம் எண்

ஒயர்காரர் என்றுதான் அந்த அலுவலகத்தில் அவரைக் கூப்பிடுவார்கள். நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்ளும் மனிதருக்கு நியமன ஆணையில் முழ நீளத்துக்கு ஒரு பதவிப் பெயர் இருந்தது. அதை யார் சீண்டினார்கள்?

"ஒயர்காரரே, மறுபடியும் போச்சு!" என்று புதிதாக வந்த டைப்பிஸ்ட் மாடியில் கத்தியபோது மணி ஒன்பதேகால். ஒரு வாரமாக இதே கூத்து. காலையில் கணினியைப் போட்டதும், அவளுடைய முகவரியை இன்னொரு கணினியும் வைத்திருப்பதாகத் திரையில் வரும், தொடர்பு அறுந்துவிடும். பத்து மணிக்குத் தானே சரியாகிவிடும்.

ஒரே கதவு எண்ணில் இரண்டு வீடு இருந்தால் தபால்காரர் பாடு என்ன? அதே கதைதான். எந்தக் கணினிக்கு எந்த எண் என்று ஒயர்காரர் ஒரு நோட்டில் கையால் எழுதி வைத்திருந்தார். டைப்பிஸ்டுக்கு நாற்பத்தேழு. அந்த வரியில் அதற்கு முன் இருந்த பெயர், இரண்டு மாதத்துக்கு முன் மாரடைப்பில் போய்ச் சேர்ந்த கிளார்க்குடையது. ஆள் போன மறுவாரமே பெயரை அடித்துவிட்டார். கணினி எங்கே போனது என்று மட்டும் எட்டிப் பார்க்கவில்லை. தன் சோம்பலுக்குத் தன்னையே திட்டிக்கொண்டு சர்வரைத் திறந்தார்.

அங்கே வேறொன்று இருந்தது. இறந்தவரின் கணக்கில் தினமும் காலை மூன்று தவறான பாஸ்வேர்ட். மூன்றாவதில் கணக்கு பூட்டிக்கொள்ளும். மறுநாள் தானாகத் திறக்கும்; மறுபடியும் மூன்று. மேலாளரிடம் சொன்னதற்கு அவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "சாயங்காலத்துக்குள்ள அந்தக் கணக்கையே அழிச்சுடுங்க."

கேபிளைப் பிடித்துக்கொண்டே போனதில் பழைய கோப்புகள் கிடக்கும் அறை வந்தது. மூலையில் அந்தக் கணினி. அதன் முன்னால் தபால் பிரிவு அக்கா, இறந்தவரின் மனைவி. கையில் ஒரு துண்டுச் சீட்டு. அதில் நிறைய அடித்தல்கள்.

"திருட வரலை தம்பி" என்றாள் எழுந்து.

"ஐயோ, உக்காருங்கக்கா. உள்ள என்ன வேணும்? நான் எடுத்துத் தரேன்."

"உள்ள ஒன்னும் வேணாம். அவர் என்ன வார்த்தை வச்சிருந்தார்னு தெரியணும், அவ்வளவுதான். இருபத்திரண்டு வருஷம். அந்த மனுஷன் வாயத் தொறந்து ஆசையா ஒரு வார்த்தை சொன்னதில்ல. தினமும் காலைல ஒரு வார்த்தை அடிச்சிருப்பார் இல்ல? அதுலயாவது நான் இருந்தேனான்னு பாக்கறேன்." சீட்டை மடித்தாள். "உங்க சர்வர்ல தெரியுமா?"

"அது யாருக்கும் காட்டாதுக்கா. சரியா தப்பான்னு மட்டும்தான் சொல்லும்."

சொன்னது உண்மை. ஆனால் ஒயர்காரருக்கு அந்த வார்த்தை தெரியும். மாதத்துக்கொரு முறை மறந்துவிட்டு வந்து நிற்பார் கிளார்க். கடைசி முறை அலுத்துப்போய் 'ஆபீஸ் 123' என்று இவரே வைத்துக்கொடுத்து, "மாத்திக்கங்க சார்" என்றார். "மாத்தினா மறுபடியும் உன்கிட்டதானே வரணும்" என்று சிரித்துவிட்டுப் போனார் அவர்.

இதை எந்த வாயால் சொல்வது?

"பூட்டை எடுத்து விடறேன், இன்னொரு தடவை போடுங்க" என்று மடிக்கணினியை விரித்தார். பூட்டை எடுத்ததோடு, அக்காவின் பெயரையும் அவள் கல்யாண வருஷத்தையும் சேர்த்துப் பாஸ்வேர்டாக மாற்றினார். செத்தவர் பெயரில் பொய் சொல்வது பாவம்தான்; இருக்கட்டும் என்று தோன்றியது.

"உங்க பேரும், கல்யாணமான வருஷமும் சேத்துப் போட்டுப் பாருங்கக்கா."

அவள் அவரை ஒரு கணம் பார்த்தாள். பிறகு அடித்தாள். திறந்துகொண்டது.

அழுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் அழவில்லை.

"முதல் நாளே முதல்ல இதைத்தான் போட்டேன் தம்பி" என்றாள் மெதுவாக.

ஒயர்காரருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

"நெஜமா என்ன வச்சிருந்தார்? உங்களுக்குத் தெரியும். சொல்லுங்க."

சொன்னார். மாத்திக்கங்க என்றதையும், அதற்கு அவர் சிரித்த சிரிப்பையும் சேர்த்தே சொன்னார்.

"சோம்பேறி" என்றாள். வீட்டில் ஆயிரம் தடவை திட்டிய திட்டு. அவர் போனபிறகு இதுதான் முதல் தடவை. சிரிப்பு வந்தது, வந்த வேகத்திலேயே உடைந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். ஒயர்காரர் கோப்புக் கட்டுகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அதையே திரும்ப வச்சுக் குடுங்க" என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

வைத்துக்கொடுத்தார். அவள் ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடி அடித்தாள். திறந்தது. உள்ளே எதையும் பார்க்கவில்லை. வெளியே வந்து, மறுபடியும் முதலிலிருந்து அதையே அடித்தாள்.

மாடியிலிருந்து டைப்பிஸ்ட் கத்திக்கொண்டிருந்தாள். ஒயர்காரர் போகவில்லை.