கொக்கியில் மாட்டிய கை

விடிவதற்கு முன்பே லாரிகள் வந்து வரிசையாக நின்றுவிட்டன. கூண்டுக் கம்பிகளில் பனி உறைந்திருந்தது. உள்ளே வான்கோழிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி முனகிக்கொண்டிருந்தன. இறைச்சித் தொழிற்சாலையின் தொங்கவிடும் அறையில் நீல விளக்கு மட்டும்தான் எரியும். வெள்ளை வெளிச்சம் பட்டால் கோழிகள் மிரண்டு இறக்கையை அடித்துக்கொள்ளும். நீலத்தில் அவற்றுக்கு இன்னும் பொழுது விடியவில்லை. அந்த இருட்டில் ஒடாலிஸ் குனிந்து கூண்டுக்குள் கைவிட்டாள். ஒரு கோழியின் இரண்டு கால்களையும் சேர்த்துப் பிடித்து இழுத்தாள். தலைகீழாகத் தூக்கி, மேலே நகர்ந்துகொண்டே இருக்கும் சங்கிலியின் கொக்கியில் மாட்டினாள். அதற்குள் அடுத்த கொக்கி வந்து நின்றது.

ஒவ்வொன்றும் வளர்ந்த பிள்ளையின் கனம். இறக்கை முகத்தில் அறையும், நகம் முன்கையைக் கிழிக்கும், எச்சமும் தூசியும் தொண்டைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். மாட்டிய கோழிகள் சுவரிலுள்ள திறப்பு வழியாக அடுத்த அறைக்குப் போகும். அங்கே மின்சாரம் பாயும் தண்ணீர்த் தொட்டி. தொட்டிக்கு அப்பால் கத்தி. அதற்கும் அப்பால் இறகு உரிக்கிற கொதிநீர்.

ஒடாலிஸ் இந்த அறைக்கு வந்து அதிக நாள் ஆகவில்லை. அதற்கு முன்பு பொட்டலம் கட்டும் பிரிவில் இருந்தாள். கை வேகத்துக்கு அங்கே நல்ல பெயர். ஹோண்டுராசிலிருந்து வந்தபோது இருந்த ஆண் பெயரை விட்டுவிட்டு, ஒரு நாள் காதில் சின்னத் தோடும் நெஞ்சில் புதுப் பெயர் அட்டையுமாக வேலைக்கு வந்தாள். அன்றிலிருந்து பிடித்தது சனி. சூப்பர்வைசர் டுவேன் அவளை வேண்டுமென்றே பழைய பெயர் சொல்லித்தான் கூப்பிடுவான். அந்தப் பெயரை இந்தக் கதையில் எழுதுவதாக இல்லை. பெண்கள் கழிப்பறை அவளுக்குக் கிடையாது என்றான். ஆண்கள் பக்கம் போன முதல் நாளே அவளைச் சுவரோடு வைத்து உதைத்தார்கள். கடைசியில் லாரி முற்றத்தின் கோடியில் இருந்த பிளாஸ்டிக் பெட்டியைக் காட்டினான். அமெரிக்காவின் வடகோடியில், மினசோட்டாவின் ஜனவரியில், முழங்கால் பனியில், அதுதான் அவள் கழிப்பறை.

"உள்ள வேலை செய்யற சோமாலியப் பொம்பளைங்களுக்கு உன்னைப் பிடிக்கலை. அவங்க மதம் அப்படி. நான் என்ன பண்ண?" என்றான்.

ஒடாலிஸ் அதை நம்பினாள். வலித்ததே அதுதான்.

மாநிலத்தில் இதற்குச் சட்டம் இருக்கிறது. நேற்று முளைத்ததல்ல, ஒரு தலைமுறைக்கு முந்தையது. திருநங்கையை வேலையிடத்தில் ஒதுக்கக் கூடாது என்று எழுதி, தொழிற்சாலை நடையில் கண்ணாடிக்குள் மாட்டியும் வைத்திருக்கிறார்கள். நல்ல சட்டம்தான். அதற்குக் கால் இல்லை, அவ்வளவுதான். யாராவது தோளில் தூக்கிக்கொண்டு போனால்தான் போகும். ஒடாலிஸ் தூக்கிக்கொண்டு போனாள், அரசிடம் புகார் கொடுத்தாள். வாங் என்ற மோங் இனத்துப் பெண், அரசின் விசாரணை அதிகாரி, வந்து விசாரித்தாள். மேனேஜர் பெர்க்வால் சிரித்துச் சிரித்துக் காப்பி கொடுத்தார். "நாங்க சட்டத்தை மதிக்கறவங்க" என்றார். கண்ணால் பார்த்தவர் யாராவது சொல்ல வேண்டும் என்று வாங் கேட்டபோது எல்லோரும் பூட்ஸைப் பார்த்தார்கள். பாதிப் பேருக்குக் குடியேற்றக் காகிதம் சரியில்லை, வாயைத் திறப்பார்களா? அதிகாரியின் கார் போன மறுநாளே ஒடாலிஸ் நீல விளக்கு அறைக்கு மாற்றப்பட்டாள்.

இன்று மத்தியானம் வாங் மறுபடி வருகிறாள். எல்லோருக்கும் தெரியும். இந்தத் தடவையும் ஒருவரும் வாய் திறக்காவிட்டால் புகார் செத்துவிடும். புகார் செத்தால் ஒடாலிஸுக்கு வேலையும் இல்லை, ஊரில் இருக்க வழியும் இல்லை.

இடைவேளையில் முற்றத்தைக் கடந்து போனாள். பிளாஸ்டிக் பெட்டியின் கதவு உறைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. இழுத்தாள், உதைத்தாள், பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி இழுத்தாள். திறக்கவில்லை. காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் இருந்தும் அடிவயிறு கல்லாக வலித்தது. திரும்பி ஓடி வந்து, ஒன்றும் யோசிக்காமல், பெண்கள் கழிப்பறைக்குள் நுழைந்தாள்.

உள்ளே ஹோதன் இருந்தாள். கத்தி பிடிக்கிற இடத்தில் வேலை செய்கிற சோமாலியப் பெண், நல்ல உயரம், அளந்து பேசுகிறவள். தொழுகைக்கு முன் காலைக் கழுவ, ஒரு காலைத் தூக்கி வாஷ்பேசினில் வைத்திருந்தாள். அதற்கும் தடைதான், சுவரில் படம் போட்டு ஒட்டியிருக்கிறது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒடாலிஸ் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு உள்ளறைக்குப் போனாள்.

உள்ளறையிலிருந்து வெளியே வரும்போது டுவேன் வாசலுக்கு உள்ளே நின்றான். பெண்களின் மானத்தைக் காப்பாற்றப் பெண்கள் கழிப்பறைக்குள் நுழைந்த ஆண் அவன்.

"வெளிய வாடா!"

பின்னலைப் பிடித்தான். கையில் சுற்றிக்கொண்டு இழுத்தான். ஒடாலிஸின் நெற்றி கதவு நிலையில் மோதியது. தரையில் விழுந்தவளை அப்படியே நடைவரை இழுத்துக்கொண்டு போனான். தலைத்தோல் பிய்ந்து வருகிற சத்தம் அவளுக்கே கேட்டது.

"உங்களுக்காகத்தான் இவ்வளவும்" என்றான் ஹோதனைத் திரும்பிப் பார்த்து.

ஹோதனின் கால் இன்னும் வாஷ்பேசினில்தான் இருந்தது. குழாய் ஓடிக்கொண்டிருந்தது.

நீல விளக்கு அறைக்குத் திரும்பியதும் பக்கத்தில் டிராவிஸ் வந்து நின்றான். டுவேனின் அக்காள் மகன்.

"என்ன ராணி, முடி அலங்காரம் ஆச்சா? அந்த அரசாங்கக்காரி வரப்போறாளாம். அவகிட்ட என்ன சொல்லப்போறே?"

"நடந்ததைச் சொல்வேன்."

"நடந்ததா? இன்னும் ஒண்ணுமே நடக்கலையே."

ஒடாலிஸ் கோழியைத் தூக்கிக் கையை உயர்த்தினாள். டிராவிஸ் அவள் மணிக்கட்டைப் பிடித்து, காலியாக வந்த கொக்கியின் இடுக்கில் அழுத்தி இறக்கினான். தடித்த கையுறையோடு மணிக்கட்டு அதற்குள் இறுகிக்கொண்டது.

"நீயும் போ, கோழியோட கோழியா!"

சங்கிலி நிற்கவில்லை. அவள் கையைத் தூக்கிக்கொண்டே நடந்தாள், பிறகு ஓடினாள், பிறகு எச்சத்தில் பூட்ஸ் வழுக்கித் தொங்கினாள். தோள் கழன்றது. கத்தினாள். நாலைந்து பேர் சிரித்தார்கள். சிரிப்பு பாதியில் நின்றுபோனது. டுவேன் மார்பில் கைகட்டிப் பார்த்துக்கொண்டு நின்றான். சுவரின் ரப்பர் திரை அவள் முகத்தில் அடித்தது. முன்னால் போன கோழியின் தலை தண்ணீரைத் தொட்டதும் அது விறைத்தது. அடுத்தது நான்தான் என்று ஒடாலிஸுக்குத் தெரிந்தது. அம்மாவின் பெயரைச் சொன்னாள்.

கொக்கிகள் குலுங்கி நின்றன. தொட்டிக்கு அந்தப் பக்கம் ஹோதன் சங்கிலியை நிறுத்துகிற அவசரக் கயிற்றைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தாள். பிறகு கத்தியோடு சுற்றி ஓடி வந்தாள். கையுறையை நீளவாக்கில் கிழித்து மணிக்கட்டை உருவி எடுத்தாள். ஒடாலிஸ் அவள்மேல் சரிந்து விழுந்தாள்.

அவளைத் தாங்கிக்கொண்டு ஹோதன் ரப்பர் திரையைத் தள்ளி நீல விளக்கு அறைக்குள் வந்தாள்.

"யாரு நிறுத்தினது?" டுவேன் கத்தினான்.

"நான்."

"எதுக்கு?"

"கோழி வரலை. மனுஷி வந்தா."

"சும்மா விளையாட்டு! பாரு, ஒரு சொட்டு ரத்தம் இருக்கா? இருக்காடா?" எல்லோரையும் பார்த்துக் கேட்டான். உண்மைதான், ஒன்றும் தெரியவில்லை. நீல வெளிச்சத்தில் சிவப்பு தெரியாது; எல்லாம் கறுத்த ஈரம்தான். அங்கே வேலை செய்கிறவர்கள் தங்கள் காயத்தையே வீட்டுக்குப் போய்த்தான் பார்ப்பார்கள்.

யூசேபியோ கையிலிருந்த கோழியைக் கூண்டுக்குள் திரும்ப விட்டார். குவாத்தமாலாக்காரர், அந்த அறையில் எல்லோருக்கும் மூத்தவர், காகிதம் இல்லாதவர். சுவரோரம் போனார். யாரும் தொடக் கூடாத வெள்ளை விளக்கின் சுவிட்சை அமுக்கினார்.

கோழிகள் வெடித்தன. கூண்டுகளிலும் கொக்கிகளிலும் நூற்றுக்கணக்கான இறக்கைகள் அடித்துக்கொண்டன. அந்தப் பேரிரைச்சலுக்கு நடுவே எல்லோரும் பார்த்தார்கள். ஒடாலிஸின் நெற்றியிலிருந்து கழுத்துவரை ரத்தம். மணிக்கட்டில் தோல் வளையமாக உரிந்திருந்தது. டுவேனின் கையுறையில் நீளமான கறுப்பு முடி ஒரு கொத்து ஒட்டிக்கொண்டிருந்தது.

"இப்பத் தெரியுதா?" என்றார் யூசேபியோ. கையுறைகளைக் கழற்றிக் கீழே போட்டார். அவருக்குப் பின்னால் மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கழற்றினார்கள்.

பெர்க்வால் கறையில்லாத வெள்ளைக் கோட்டில் இறங்கி வந்தார். டிராவிஸ் மாமன் முதுகுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டான். சங்கிலி நின்றுவிட்டதால் கொதிநீர்த் தொட்டியில் முங்கிய கோழிகள் முங்கிய இடத்திலேயே வெந்துகொண்டிருந்தன. வேகிற இறைச்சியின் வாடை அறைவரை வந்துவிட்டது. மேனேஜரின் மேலுதடு வியர்த்திருந்தது.

"எல்லாருக்கும் வருத்தம்தான். விபத்து. ஒடாலிஸ், உங்களை நாளைக்கே பொட்டலப் பிரிவுக்கு மாத்திடறேன். ஹோதன், தொழுகைக்கு ஒரு அறை ரொம்ப நாளா கேட்டீங்களே, தர்றேன். வாசல்ல அரசாங்கக் கார் நிக்குது. விபத்துன்னு ஒரு வார்த்தை, போதும். இப்போ சங்கிலியை ஓட்டலாமா?"

ஒடாலிஸ் ஹோதனைப் பார்த்தாள். இவள் ஏன் எனக்காகத் தொழுகை அறையை வேண்டாமென்று சொல்லப்போகிறாள் என்றுதான் நினைத்தாள்.

"எங்களுக்காகத்தான் இவளை ஒதுக்கறேன்னு டுவேன் சொன்னாரு" என்றாள் ஹோதன். "எங்கள்ல யார் அப்படிக் கேட்டது? பேரைச் சொல்லுங்க."

பெர்க்வால் டுவேனைப் பார்த்தார். டுவேன் கையுறையில் ஒட்டியிருந்த முடியை உதறினான்.

"கால் கழுவத் தண்ணி கேட்டோம், காது கேக்கலை. பிள்ளைத்தாச்சி நின்னுக்கிட்டே மயங்கி விழுந்தா, காது கேக்கலை. நாங்க கேக்காத ஒண்ணு மட்டும் உங்களுக்கு நல்லாக் கேட்டுச்சோ?"

"இங்க பாருங்கம்மா, உங்க மதத்துல..."

"என் மதத்தை நான் பாத்துக்கறேன். இந்தப் பொண்ணோட வாழ்க்கை எனக்கு முழுசாப் புரியலை, நிஜம். ஆனா முடியைப் பிடிச்சு இழுத்தது புரியுது. நானும் அங்க நின்னேன். நின்னு சும்மா இருந்தேன்." தரையில் சரிந்து உட்கார்ந்திருந்த ஒடாலிஸிடம் குனிந்து கைநீட்டினாள். "எழுந்திரு தங்கச்சி."

"இந்தப் பையனோட வாசல் தாண்டறவன் திரும்பி உள்ள வர முடியாது!" டுவேன் கத்தினான்.

"பையன் இல்லை, அவ!" யூசேபியோவும் கத்தினார். இத்தனை வருஷத்தில் அவர் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை.

அவர்கள் வாசலைத் தாண்டினார்கள். நனைந்த பூட்ஸோடு, மேலங்கியில் இறகும் எச்சமுமாக, வெறும் கையோடு பனியில் இறங்கினார்கள். எல்லோரும் வரவில்லை. கதவோரம் சிலர் தயங்கி நின்றார்கள். பெர்க்வால் கைபேசியை எடுத்து யாருக்கோ பேசத் தொடங்கினார். குடியேற்றக் காகிதம் கேட்கிற அதிகாரிகள் சாயங்காலத்துக்குள் வரலாம். அது யூசேபியோவுக்கும் தெரியும். அவர் நடையைக் குறைக்கவில்லை.

வாங் காரிலிருந்து இறங்கினாள். ஒடாலிஸைப் பார்த்ததும் கையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போங்க. ஆம்புலன்ஸைக் கூப்பிடறேன். மத்தவங்க உள்ள இருங்க, குளிர் கொல்லும். ஒருத்தர் ஒருத்தராத்தான் நான் கேக்கணும்."

"உள்ள எங்களுக்கு இடம் இல்லை. இங்கயே நிக்கறோம்" என்றாள் ஹோதன்.

வாங் தலையசைத்தாள். பல இடங்களில் இதே சட்டத்தைத் தூக்கிக்கொண்டு போய் வெறுங்கையோடு திரும்பியவள். "இது உடனே முடியாது. கம்பெனி வக்கீல் வைப்பாங்க. மாசக்கணக்கா இழுக்கும். ஜெயிப்போம்னு சத்தியம் பண்ண மாட்டேன்" என்றாள். பிறகு கார்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு ஒடாலிஸிடம் கேட்டாள்:

"ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள நீங்க ஆரம்பிக்கிறீங்களா?"

ஒடாலிஸ் நல்ல கையால் கழன்ற தோளைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பற்கள் அடித்துக்கொண்டன. பின்னால் திரும்பிப் பார்த்தாள். ஹோதன் தன் கனத்த சால்வையைக் கழற்றி அவள்மேல் போர்த்தினாள். கதவோரம் தயங்கியவர்களில் இருவர் இப்போது பனியில் இறங்கி வந்துகொண்டிருந்தார்கள்.

"இவ்வளவு நாள் நான் ஒருத்திதான் பேசிக்கிட்டிருந்தேன்" என்றாள் ஒடாலிஸ். "இன்னைக்கு இவங்க பேசட்டும்மா. நான் நின்னு கேக்கறேன்."