மீதிப் பாதி

1

இந்தக் கதை என்னுடையதல்ல. அண்ணி வாய்தவறிச் சொன்னது. அவர் ஆஸ்பத்திரியில் மொழிபெயர்ப்பாளர். டாக்டர் ஆங்கிலத்தில் சொல்வதை நோயாளிகளுக்குத் தமிழில் சொல்வது வேலை.

அன்று வானம் மூட்டமாக இருந்த—

வேண்டாம். அந்த அறையில் ஜன்னலே கிடையாதாம்.

2

நோயாளி குழாய் ரிப்பேர்க்காரர். நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருந்தது. மருந்தால் பாதி வடிந்துவிட்டது, மீதிக்கு ஆபரேஷன். டாக்டர் உற்சாகமாக, கிளாஸ் பாதி நிறைந்திருக்கிறது என்றார் ஆங்கிலத்தில்.

(இல்லாததை விட்டு இருப்பதைப் பார் என்று பொருள். கிளாஸும் அதேதான், தண்ணீரும் அதேதான். பார்க்கிற மனம்தான் வேறு. ஆனால் தண்ணீரே நோயாக இருந்தால்?)

அண்ணிக்கு அது பதினோராவது நோயாளி. சொல்லுக்குச் சொல் அப்படியே சொல்லிவிட்டு அடுத்த அறைக்கு ஓடினார். திரும்பி வந்தால், கணவனும் மனைவியும் பையோடு லிஃப்ட் முன்னால் நிற்கிறார்கள்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"வீட்டுக்குத்தாம்மா. நேத்து வடியுதுன்னாங்க. இன்னைக்கு மறுபடியும் பாதி ரொம்பிடுச்சுன்னு நீங்களே சொல்றீங்க. தண்ணி வர்ற வழிய அடைக்காம எறைச்சு என்ன புண்ணியம்?" என்றார் குழாய்க்காரர்.

3

(இங்கே மனைவியை அழவைத்திருந்தேன். "அந்தம்மா அழவே இல்ல" என்று அண்ணி அந்த வரியை அடித்துவிட்டார்.)

அண்ணி மன்னிப்புக் கேட்டார். "நல்ல சேதிதாங்க. பாதி குணமாயிடுச்சுன்னு அர்த்தம்."

மனைவி பையைக் கீழே வைத்தார். "சரி. அப்ப மீதிப் பாதி? அத யாரு சொல்லுவா?"

மூவரும் டாக்டரிடம் திரும்பினார்கள். அந்தக் கேள்வியைக் கூட்டாமல் குறைக்காமல் அண்ணி அவர் முன் வைத்தார். அதுவரை நின்றபடி பேசிய டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இந்த நிலையில் பத்துப் பேருக்கு ஆபரேஷன் செய்தால் எட்டுப் பேர் தேறுவார்கள் என்றார்.

"மத்த ரெண்டு பேரு?" என்றார் மனைவி.

அதையும் சொன்னார். மழுப்பவில்லை.

குழாய்க்காரர் பேனாவைக் கேட்டு வாங்கினார். "இப்பப் புரியுது" என்று ஆபரேஷன் தாளில் கையெழுத்துப் போட்டார்.

4

ஆபரேஷன் அன்று அண்ணிக்கு விடுமுறை. அடுத்த வாரம் அந்தக் கட்டிலில் வேறொருவர். விசாரிக்க ஆஸ்பத்திரி விதி இடம் தரவில்லை.

அதனால் இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில், வார்டுக் குழாயின் ஒழுக்கைத் திட்டிக்கொண்டே அவர் நடந்து வெளியே வருகிறார். இன்னொன்றில், வாசலில் மனைவி மட்டும், கையில் அவருடைய செருப்—

உங்களுக்கு ஆறுதலாக இருக்கட்டுமே என்று இரண்டாவதை அடிக்கப் போனேன்.

"அடிக்காத," என்றார் அண்ணி. "அந்தம்மா அதையும் கேட்டு வாங்கிக்கிட்டுத்தான் அவர உள்ள அனுப்புனாங்க."

இரண்டையும் விட்டுவைக்கிறேன். எதை எடுத்துக்கொண்டு போவது என்பது உங்கள் பாடு.