ஓட்டில்லாதவனின் வக்கீல்

பல்லடம் கோர்ட்டில் வக்கீலாக வேல்விழிக்குப் பெயர் வரத் தொடங்கிய நேரம் பார்த்துத்தான் அவளுக்குக் கவுன்சிலர் ஆசையும் வந்தது. பனியன் கம்பெனியில் தையல் வேலைக்காக அருப்புக்கோட்டையிலிருந்து பிழைக்க வந்த குடும்பம் அவளுடையது. சாக்கடைக்கும் தண்ணீருக்கும் அலைந்து அலுத்துப்போன தெருக்காரர்கள், சுயேச்சையாக நின்ற அவளைத் தங்கள் பிள்ளையாகவே கொண்டாடினார்கள். கம்பெனி முதலாளி கிட்டுசாமியும் ஆதரவு தருவதாகச் சொல்லிவிட்டார். அவர் கண்ணசைவைப் பார்த்துத்தான் வார்டில் பாதிப்பேர் ஓட்டுப் போடுவார்கள். அப்புறம் என்ன, ஜெயித்த மாதிரிதான்.

அந்தச் சமயத்தில் வேஸ்ட் துணி குடோன் ஒன்று எரிந்தது. முந்தின நாள் அங்கே சண்டை போட்ட பீகார் பையன் விகாஸ்தான் தீ வைத்தான் என்று போலீஸ் பிடித்துப் போனது. பார்த்தவர் ஒருவரும் இல்லை. ஆனாலும் குடோன் எரிந்து பலருக்கு வேலை போன கோபம் ஊருக்கு. எந்த வக்கீலும் அவன் பக்கம் நிற்கத் துணியவில்லை. அவன் அண்ணன் கடைசியில் வேல்விழியிடம் வந்து கைகூப்பினான்.

தேர்தல் முடியட்டும் என்று கெஞ்சினான், அவளுக்காகப் பிரச்சார வேலை பார்த்த கட்டிங் மாஸ்டர் ஜெபக்குமார். "அவனுக்கு இங்க ஒரு ஓட்டாவது இருக்காக்கா?"

சட்டக் கல்லூரி நாளிலிருந்தே வில்லியம் சீவர்ட் என்ற அமெரிக்க வக்கீல் மேல் அவளுக்குப் பித்து. கவர்னராக இருந்து இறங்கிய மனிதர், ஊரே கொலைகாரன் என்று தூற்றிய ஒரு கறுப்பின இளைஞனுக்காகப் போய் வாதாடினார். அந்தக் கதையை ஜெபக்குமாரிடம் சொன்னாள்.

"ஜெயிச்சாராக்கா?"

"கேஸ்ல தோத்தாரு. பின்னால நாட்டுக்கே வெளியுறவு மந்திரி ஆனாரு."

"பின்னாலன்னா எப்ப?"

பதினைந்து வருடம் கழித்து என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

விகாஸுக்கு ஜாமீன் வாங்கிக் கொடுத்தாள். மறுநாள் ஓட்டுக் கேட்டுப் போனபோது, முன்பு ஆரத்தி எடுத்த பெண்களே முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனார்கள். கிட்டுசாமி வீட்டுக் கேட் திறக்கவே இல்லை. நடுத்தெருவில் அவளுக்கு அழுகை வந்தது. தப்புப் பண்ணிவிட்டோமோ என்றுகூடத் தோன்றியது. தேர்தலில் மண்ணைக் கவ்வினாள்.

அடுத்த வாரம் கிட்டுசாமி அவள் ஆபீஸ் படியேறி வந்தார்.

"உங்களுக்கு ஓட்டுப் போடலீங்க. தெருவையும் போட விடலீங்க" என்றுதான் ஆரம்பித்தார். "இப்ப எனக்கும் என்ற தம்பிக்கும் பூமி வழக்குங்க. இந்த ஊரு வக்கீலுங்க அத்தனை பேரும் எங்க ரெண்டு பேருக்கும் வேண்டப்பட்டவங்க. என்ற மூஞ்சியப் பார்த்துப் பாதி, அவன் மூஞ்சியப் பார்த்துப் பாதின்னு பேசுவாங்க. நீங்க யாரு மூஞ்சியும் பார்க்க மாட்டீங்கன்னு தெரிஞ்சு போச்சுங்க."

"அதுக்காகத்தானேய்யா தோற்கடிச்சீங்க?"

"ஆமாங்க" என்றார், கூச்சமே இல்லாமல்.

வேல்விழிக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. தோற்ற வலி பாதி அதிலேயே கரைந்துபோனது. வழக்கை எடுத்துக்கொள்கிறேன், ஆனால் விகாஸ் கேஸை விட மாட்டேன், அடுத்த தேர்தலிலும் நிற்பேன் என்று முன்கூட்டியே சொல்லிவைத்தாள்.

கிட்டுசாமி பத்திரக் கட்டை அவள் மேஜைமேல் வைத்தார். "நில்லுங்க சாமி" என்றார். "அந்தத் தடவை வீட்டுக் கேட்டத் தொறந்து வைக்கறேனுங்க."