நாலாம் நம்பர் ஆட்டின் முட்டி

காலை ஏழு மணிக்கே என் இடுப்பு விண்விண்ணென்று தெறித்தது. ஸ்டெம் செல்களுக்குப் பழைய சத்துநீரை உறிஞ்சிவிட்டுப் புதியதை ஊற்ற, கண்ணாடிப் பெட்டிக்குள் கையை நீட்டி மூன்று மணி நேரம் குனிந்தே இருக்க வேண்டும். மூட்டை தூக்குகிறவனுக்காவது இறக்கி வைக்க ஓர் இடம் இருக்கும். இதை அண்ணனிடம் சொன்னால், "ஆமா, நீ தூக்குற டப்பா அம்பது கிராம் இருக்குமா?" என்பான்.

அவன் பேசலாம். பதினாறு வயதிலிருந்து சிமெண்ட் மூட்டை சுமந்து, அந்தக் கூலியில் என்னைப் படிக்க வைத்து, இடது முட்டியின் குருத்தெலும்பைச் சுத்தமாகத் தேய்த்துவிட்டவன். பதினோரு வருடம் முன்பு, ஆராய்ச்சியில் சேர்ந்த அன்று, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் சொல்லிவிட்டேன்: "கவலப்படாதண்ணே, உனக்குப் புது முட்டி நான் வளத்துத் தரேன்." அன்றிலிருந்து நான் வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம், "முட்டி வந்துருச்சா?" என்று கேட்பான், பால் வாங்கி வந்தாயா என்கிற மாதிரி.

மூட்டை தூக்க முடியாமல் போனதும், எங்கள் ஆய்வுக்கூடத்து ஆட்டுக்கொட்டகையில் அவனுக்கு வேலை வாங்கிக் கொடுத்தேன். ஆறு ஆடுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பின்னங்கால் முட்டியில் குருத்தெலும்பைக் கொஞ்சம் செதுக்கி எடுத்துவிட்டு, நாங்கள் வளர்த்த செல்லை அங்கே நிரப்பியிருந்தோம். வாரம் ஒருமுறை அண்ணன் அவற்றைக் கயிறு பிடித்து, எடைத் தட்டு பதித்த பாதையில் நடத்துவான். எந்தக் காலில் எவ்வளவு பாரம் விழுகிறது என்று கணினி கோடு போட்டுக் காட்டும்.

அன்று மதியம் நிபுணர் குழு வரவிருந்தது. ஆடுகள் சமமாக நடந்தால் மனிதருக்குச் சோதிக்க அனுமதி கேட்கலாம். நொண்டினால் திட்டத்தையே இழுத்து மூடிவிடுவார்கள். ஆறு மாதமாக ஆறும் நொண்டின. ஸ்கேனில் குருத்தெலும்பு வழவழவென்று வளர்ந்திருந்தது. தட்டில் ஏறினால் நொண்டி.

"மேடம், ஸ்கேன நம்புறதா, ஆட்ட நம்புறதா?" என்றார் இயக்குநர். "வர்றவங்க ஆட்டத்தான் நம்புவாங்க."

பதினோரு மணிக்குக் கடைசி ஒத்திகை. அண்ணன் நாலாம் நம்பரைக் கூட்டி வந்தான். அது அவனுடைய செல்லம். வேறு யார் போனாலும் முட்டும்.

"வாங்க தொர, தங்கச்சி மானத்தக் காப்பாத்துங்க" என்றான் அதனிடம்.

தொரை நடந்தார். கோடு ஏறியது, இறங்கியது, தொப்பென்று விழுந்தது. மறுபடியும் ஏறி, இறங்கி, தொப். இந்தத் தாளத்தை எங்கேயோ கேட்டிருக்கிறேனே என்று பட்டது. எங்கள் வீட்டு மாடிப்படியில், தினமும். நிமிர்ந்து பார்த்தேன். இடது காலை ஊன்றும்போதெல்லாம் அண்ணன் சாய்ந்தான். கயிறு வெடுக்கென்று இழுத்தது. ஆடும் கூடவே சாய்ந்தது.

"அண்ணே, நில்லு. கயித்த எங்கிட்ட குடு."

"முட்டும்டி."

"முட்டட்டும், குடு."

தொடையில் ஒன்று வாங்கினேன். அண்ணன் அந்தக் கோடியில் போய்த் தீவன டப்பாவைக் குலுக்கியதும், ஆடு என்னையும் சேர்த்து இழுத்துக்கொண்டு நடந்தது. கோடு ரம்பப் பல் மாதிரி வந்தது. எல்லாப் பல்லும் ஒரே உயரம்.

அண்ணன் கணினியை எட்டிப் பார்த்தான். "அப்போ ஆறு மாசமா நொண்டுனது யாரு?"

"நீ."

"அடிப்பாவி! மெஷினு என்னையவா அளந்துச்சு? நம்மள மாதிரியே கஷ்டப்படுதேன்னு தெனமும் ரெண்டு பிடி தீவனம் கூடப் போட்டேனே!"

ஆடுகளின் எடை ஏன் கூடுகிறது என்பதற்கும் அன்றுதான் விடை கிடைத்தது. முட்டியைப் பற்றிப் பதினாலு கட்டுரை எழுதிய எனக்கு, கண்ணெதிரே நடந்த முட்டி தெரியவில்லை.

மதியம் குழுவிடம் எதையும் மறைக்கவில்லை. அலுவலக எழுத்தர் கயிறு பிடிக்க, ஆறும் சமமாக நடந்தன. எழுத்தருக்கு ஐந்து முட்டு. குழுத் தலைவி சிரிக்காதவர். "பழைய ஆளையும் தட்டுல நடக்கச் சொல்லுங்க" என்றார். அண்ணன் சட்டையைச் சரிசெய்துகொண்டு, புகைப்படத்துக்கு நிற்பவன் போல நடந்தான். ஆறு மாதக் கோடு அப்படியே வந்தது. "சந்தேகம் தீந்துச்சு. அனுமதிக்கு விண்ணப்பிங்க" என்றார் தலைவி.

அவர்கள் போனதும் அண்ணன் கேட்டான்: "அப்போ என் முட்டி?"

"அனுமதிக்கு ரெண்டு வருஷம். சோதனைக்கு அஞ்சு. அதுவும் மொதல்ல நாப்பது வயசுக்குக் கீழ உள்ளவங்களுக்குத்தான்."

"எனக்கு அம்பத்தொண்ணு. ஆட்டுக்கிட்ட வயசு கேட்டியா?"

அவன் நாலாம் நம்பரைக் கொட்டகைக்கு ஓட்டிப்போனான். புது முட்டிக்காரர் நாலு அடி முன்னால் போய், திரும்பி நின்று, பழைய முட்டிக்காரன் வரும்வரை காத்திருந்தார்.

இதுவரை ஆறு முட்டி வளர்த்துக் கொடுத்திருக்கிறேன். ஆறும் ஆடுகளுக்கு. அண்ணனுக்கு ஓர் இடது முட்டி இன்னும் பாக்கி.