வெல்டரை எங்கே குடிவைப்பது?

1

இந்தக் கதை எப்படிப் பிறந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு நாள் சும்மா இருக்க முடியாமல் முகநூலில் ஒரு வரி போட்டேன்: "மனுஷன் வீடு மாறினா கொள்கையும் மாறிடும்." நல்ல வரவேற்பு. கூடப் படித்தவர்கள் எல்லாம் கைதட்டுகிற படம் போட்டார்கள். யாரோ ஒரு புண்ணியவான் மட்டும் கீழே ஒரே ஒரு வார்த்தை எழுதினார்: "உதாரணம்?"

என்னிடம் உதாரணம் இல்லை. ஒன்றைத் தயாரித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

2

முதல் ஆரம்பம்: "மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில் வெல்டர் தன் முகமூடியைக் கழற்றி..." வேண்டாம். மழையில் எவன் வெல்டிங் வைப்பான்? ஷாக் அடிக்கும்.

இரண்டாவது ஆரம்பம்: "இடம் என்பது வெறும் நிலம் அன்று, அது ஒரு..." ஒரு என்ன என்று எனக்கே தெரியவில்லை. விட்டுவிட்டேன்.

மூன்றாவது: வெல்டர் பின்தெருவில் குடியிருந்தார். இது போதும்.

பின்தெருவில் அவருடைய அடுத்த வீடு மச்சான் வீடு. மனைவியின் தம்பி, ரொட்டி ஃபேக்டரியில் வேலை. லீவு நாளில் பட்டறைக்கு வந்து, வெல்டர் பற்றவைக்கும்போது இரும்பை அசையாமல் பிடித்துக்கொடுப்பார். இருவரும் இத்தனை வருஷமும் ஒரே சின்னத்துக்கு ஓட்டுப் போட்டவர்கள்.

பின்தெருக்காரர்கள் பஸ் ஸ்டாப்புக்குப் போக முன்தெருதான் குறுக்கு வழி. இரண்டு தெருவும் சேருகிற இடத்தில் ஒரு இரும்பு கேட் போட்டுப் பூட்டிவிட வேண்டும் என்று முன்தெருக்காரர்கள் பேச ஆரம்பித்தார்கள். வெல்டர் கொதித்துப்போனார். பின்தெருக் கூட்டத்தில் மைக்கைப் பிடுங்கி, "ரோடு என்ன அவங்க அப்பன் வீட்டு சொத்தா?" என்று கேட்டார். மச்சான் விசில் அடித்தார்.

(மச்சானுக்கு ஒரு காலை ஊனமாக்கலாமா என்று யோசித்தேன். சுற்றி நடக்க முடியாதே என்று நீங்கள் உருகுவீர்கள். உங்கள் இரக்கத்தை லஞ்சம் கொடுத்து வாங்குகிற வேலை அது. அவருக்கு இரண்டு காலும் நன்றாகவே இருக்கிறது.)

3

எழுதுகிறவனுக்கு ஒரு சௌகரியம். ஒரே வரியில் குடிமாற்றிவிடலாம்: அடுத்த மாதம் வெல்டர் முன்தெருவுக்குக் குடிபோனார்.

எனக்குத்தான் ஒரு வரி. அவர்களுக்கு ஒரு பகல் முழுக்க ஆனது. மாடி அறைக்கு ஏற்றும்போது பீரோ படித் திருப்பத்தில் சிக்கிக்கொண்டது. மேலிருந்து வெல்டர் இழுக்க, கீழிருந்து மச்சான் தோள் கொடுத்தார்.

முதல் வாரம் கொள்கை அப்படியே இருந்தது. இரண்டாவது வாரம் வெல்டர் தன் நாற்காலியை வாசலைப் பார்த்துப் போட்டார். குறுக்கு வழியில் வருகிற பைக்குகள் மூக்கை உரசுகிற மாதிரிப் பறந்தன. ஒருவன் தடுமாறி வந்து அவருடைய வண்டியின் கண்ணாடியை உடைத்துவிட்டு, மன்னிப்புக்கூட கேட்காமல் போனான். அன்று சாயங்காலம் டீ குடிக்கும்போது வெல்டர் மெதுவாகச் சொன்னார்: "கேட்டுல தப்பு ஒண்ணும் இல்ல மாப்ள. பாதுகாப்புன்னு ஒண்ணு இருக்குல்ல."

மச்சான் டம்ளரைக் கீழே வைத்தார். "மாமா, மைக்கப் புடுங்கி ரோடு யார் அப்பன் வீட்டு சொத்துன்னு கேட்டது நீங்கதானே?"

"இப்பவும் கேப்பேன். ஆனா ரோடு வேற, தெரு வேற."

"வீடு மாறினா அகராதியும் மாறிடுமா மாமா?"

மச்சான் மிச்ச டீயை அப்படியே வைத்துவிட்டுப் போனார். நானோ துள்ளிக் குதித்தேன். உதாரணம் கிடைத்துவிட்டதே! அந்த மகிழ்ச்சியில் இன்னொரு வரியும் எழுதினேன்: தெருவிலேயே வெல்டர் இருக்கும்போது வெளியாள் எதற்கு என்று, கேட் செய்கிற வேலையை முன்தெருக்காரர்கள் அவரிடமே கொடுத்தார்கள்.

4

இங்கேதான் கதை என் கையைவிட்டு நழுவியது. வெல்டரின் மனைவியும் அதே லாரியில்தான் வந்தார், அதே வீட்டில்தான் இருக்கிறார். என் கணக்குப்படி அவரும் மாறியிருக்க வேண்டும். மாறவில்லை.

"ஏங்க, கேட்டைப் பூட்டிட்டா என் தம்பி எப்படி வருவான்?"

"சுத்தி வரட்டும். நடந்தா உடம்புக்கு நல்லது."

"அப்ப நீங்க நடங்க. தொந்தி உங்களுக்குத்தான்."

"ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு நீ மட்டும் ஏன் அந்தப் பக்கம் பேசுற?"

"வீடு ஒண்ணுதாங்க. உங்க நாற்காலி வாசலைப் பாத்து இருக்கு. என் அடுப்புக்கு எதிர்ல ஜன்னல் இருக்கு. அதுல என் தம்பி வீட்டுத் துணிக்கொடி தெரியுது. வேலைச் சட்டை கொடியில கெடந்தா அவன் வீட்டுல இருக்கான்னு அர்த்தம். நீங்க தினம் பைக்கப் பாக்குறீங்க, நான் அந்தச் சட்டையப் பாக்குறேன்."

(சமையலறையில் ஜன்னல் இருப்பதாக நான் எழுதவே இல்லை. மேலே போய்ப் பாருங்கள். அந்த அம்மாவே வைத்துக்கொண்டார்.)

5

இதுவரை எழுதியதை என் மனைவியிடம் கொடுத்தேன். நின்றுகொண்டேதான் படிப்பாள். உட்கார்ந்தால் அது அவள் பாஷையில் "ரொம்ப மரியாதை".

"மூணு வரைக்கும் வெல்டர் பக்கம் நியாயம் இருக்குற மாதிரி எழுதியிருக்கீங்க. நாலுல அந்தம்மா பக்கம் சாஞ்சிட்டீங்க. நடுவுல உங்களுக்கு என்ன ஆச்சு?"

"பாத்திரம் வளருது. எழுத்துல அப்படித்தான்."

"சிங்க்குல கெடக்குற பாத்திரம்தான் வளருது. உங்க மேஜை நகந்துச்சு, அவ்வளவுதான்."

உண்மை. முதல் மூன்று பகுதிகளையும் முன்னறையில் எழுதினேன். எங்கள் தெருவிலும் பைக் பறக்கும்; ஒவ்வொரு ஹாரனுக்கும் ஒரு வாக்கியம் உடையும். அப்புறம் முன்னறையில் தச்சர் அலமாரி வேலையை ஆரம்பித்ததால் மேஜையைப் பின்னறைக்குத் தள்ளினோம். அங்கே பின்வீட்டுக்காரர்கள் பேசிச் சிரிப்பது கேட்கும். நேற்று அவர்கள் சொன்ன ஒரு ஜோக்குக்கு நான் இங்கிருந்தே சிரித்துவிட்டேன்.

அந்தப் புண்ணியவானுக்கு இப்போது பதில் போடலாம். உதாரணம் கிடைத்துவிட்டது. ஆனால் அது நானாக இருப்பேன் என்று எதிர்பார்க்கவில்லை. இன்னும் பதில் போடவில்லை.

6

கேட் தயாராகிப் பட்டறைச் சுவரில் சாய்ந்து நிற்கிறது. பொருத்தினால் மச்சான் இனி அக்கா வீட்டு வாசலை மிதிக்க மாட்டார். பொருத்தாவிட்டால் முன்தெருவில் வெல்டருக்கு முகம் கொடுத்துப் பேச ஆள் இருக்காது. சில முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

வெல்டர் கேட்டைப் பொருத்துகிறார், சாவி தொலைந்துபோகிறது. ம்ஹூம். சினிமாத்தனம்.

வெல்டரைப் பழையபடி பின்தெருவுக்கே அனுப்பிவிடுகிறேன். இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அவர் மனைவி என்னைப் பார்த்து, "ஐயா, இன்னொரு தடவை அந்த பீரோவத் தூக்கச் சொன்னீங்க, நடக்கிறதே வேற" என்றார். வெல்டரும் அங்கே போய் உட்கார்ந்து, "முன்தெருவுல எவ்வளவு அமைதி தெரியுமா?" என்று பெருமூச்சு விட்டார். அந்த முடிவை அடித்துவிட்டேன்.

பெரிய கேட்டுக்குள்ளேயே ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு சின்னக் கதவு. இது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. இரண்டு பக்கமும் திருப்தி. மச்சானைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் உயரத்தைக் கையால் அளந்து பார்த்தார்.

"இதுல நான் குனிஞ்சுதான் சார் வரணும்."

"கொஞ்சம்தானே?"

"தினமும் சார்."

அதையும் அடித்துவிட்டேன்.

7

ஆகவே, விடிந்ததும் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

கேட்டைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் அசையாமல் பிடிக்க, மற்றவர் கீலைத் தூணோடு பற்றவைக்க வேண்டும். முன்தெருக்காரர்கள் எல்லாரும் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். சட்டை அழுக்காகும் என்று கை கொடுக்க ஒருவரும் வரவில்லை. வெல்டர் தனியாக நின்றார்.

ஷிப்ட் முடித்து, கையில் மாவு காயாமல் மச்சான் வந்தார்.

"நீ எங்கடா இங்க?"

"ஆள் இல்லாம முழிக்கிறீங்கன்னு அக்கா ஃபோன் பண்ணுச்சு. ஜன்னல்ல பாத்துச்சாம்."

"கோவம் போயிடுச்சா?"

"எங்க போகும்? மலை மாதிரி இருக்கு. அது வேற, வேலை வேற. கேட்டு சாஞ்சு உங்க கால் ஒடஞ்சா அக்காகிட்ட யாரு பேச்சு வாங்குறது?"

இருவரும் தூக்கி நிறுத்தினார்கள். வெல்டர் முகமூடியை இறக்கினார். "புடி மாப்ள. அசையக் கூடாது."

"புடிக்கிறேன். ஒண்ணு மட்டும் சொல்லுங்க மாமா. உள்ள நின்னு புடிக்கவா, வெளிய நின்னு புடிக்கவா?"

வெல்டர் முகமூடியை மறுபடி மேலே தள்ளினார். வாயைத் திறந்தார்.

அவர் என்ன சொன்னார் என்பதை முன்னறையில் தச்சரை ஒதுங்கச் சொல்லிவிட்டு உட்கார்ந்து எழுதினேன். பிறகு பின்னறையில் உட்கார்ந்து எழுதினேன். இரண்டும் வேறு வேறு பதில். இரண்டுமே அச்சு அசல் வெல்டர் குரல். கிழித்துப் போட்டுவிட்டேன்.

நீங்கள் எங்கே உட்கார்ந்து இதைப் படிக்கிறீர்களோ எனக்குத் தெரியாது. வேண்டுமானால் எழுந்து இடம் மாறி உட்கார்ந்தும் யோசியுங்கள். ஆனால் கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள். மச்சான் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், கேட் நல்ல கனம்.